பள்ளிச் செய்தித்தாள்: சுவரில் ஒட்டுவதா, ஜெராக்ஸ் எடுப்பதா, அச்சகத்துக்குக் கொடுப்பதா, இணையத்தில் போடுவதா?

உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் சேர்ந்து செய்தித்தாள் நடத்தப்போகிறார்கள் என்றால் முதல் கூட்டத்தில் பெயரும் சின்னமும்தான் பேசப்படும். எந்த வடிவத்தில் கொண்டுவருவது என்ற கேள்வி கடைசியில், பணம் எவ்வளவு கிடைக்கும் என்பதோடு ஒட்டிக்கொண்டு வரும். அதை முதலிலேயே எடுத்துப் பேசுவது நல்லது. எத்தனை கட்டுரை வேண்டும், மேட்டர் எந்தக் கிழமைக்குள் முடிய வேண்டும், கடைசி நேரத்தில் ஒரு பெயர் தப்பாக இருப்பது தெரிந்தால் அதை யார் கையால் திருத்த முடியும் என்பதையெல்லாம் வடிவம்தான் தீர்மானிக்கிறது.

முடிவை முன்னாலேயே சொல்லிவிடலாம். புதிதாகத் தொடங்கும் குழுவுக்கு ஏற்றது, ஏ3 தாள் ஒன்றை நடுவில் மடித்த நான்கு பக்க இதழ். கறுப்பு வெள்ளையில், மூன்று வாரத்துக்கு ஒருமுறை. மற்ற வழிகளுக்கும் அவற்றுக்கான இடம் உண்டு, கீழே வருகிறது. ஆனால் எழுதுவது, திருத்துவது, பக்கம் கட்டுவது, அச்சிடுவது, வாசகர் கையில் கொடுப்பது என்ற முழுச் சுற்றையும் மாணவர்களே செய்து முடிக்கக்கூடியது இதுதான். அந்தச் சுற்று எத்தனை முறை முடிகிறதோ அத்தனை முறை கற்றுக்கொள்கிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை பளபளப்பான தாளில் வரும் மலரில் செய்திக்கு இடமே இருக்காது. அது வெளிவருவதற்குள் எல்லாச் செய்தியும் பழசாகியிருக்கும்.

சுவர்ப் பத்திரிகை

கணினியும் நகல் இயந்திரமும் கைக்கு எட்டாத இடத்தில் இதுதான் வழி. எட்டும் இடத்திலும் வாரச் செய்திக்கு இதை மிஞ்ச ஒன்றும் இல்லை. காலையில் நடந்த விளையாட்டுப் போட்டியின் முடிவை மாலைக்குள் ஒட்டிவிடலாம்.

பெரும்பாலும் இது நின்றுபோவதற்குக் காரணம் ஒன்றே: பெரிய சார்ட்டில் முழுவதையும் அழகான கையெழுத்துள்ள இரண்டு பேர் உட்கார்ந்து எழுதுகிறார்கள். மூன்றாவது இதழில் அவர்களுக்குத் தேர்வு வந்துவிடும், பத்திரிகையும் நின்றுவிடும். அவரவர் கட்டுரையை அவரவரே தனித்தனி ஏ4 தாளில் எழுதி, அந்தத் தாள்களைப் பலகையில் ஒட்டினால் இந்தச் சிக்கல் வராது. ஒரு கட்டுரையில் பிழை இருந்தால் அந்த ஒரு தாளை மட்டும் மாற்றலாம். உடல் எழுத்து (தலைப்பு நீங்கலாக, கட்டுரையின் எழுத்து) 7 மி.மீ. உயரத்துக்குக் குறையாமலும் தலைப்பு 3 செ.மீ. அளவிலும் இருந்தால் ஒன்றரை மீட்டர் தள்ளி நிற்பவரும் படிப்பார். பலகையின் நடுப்பகுதி தரையிலிருந்து 140 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். வெயில் படும் சுவரில் ஸ்கெட்ச் பேனா எழுத்து சீக்கிரமே வெளிறிவிடும். அங்கே பால்பாயிண்ட் அல்லது பென்சில் தேவலை. மாணவர்கள் காத்து நிற்கும் இடத்தில், அதாவது தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்திலோ உணவுக்கூட வாசலிலோ மாட்ட வேண்டும். தலைமை ஆசிரியர் அறைக்கு எதிரில் மாட்டினால் பார்வையாளர்கள் பாராட்டுவார்கள், மாணவர்கள் நிற்க மாட்டார்கள்.

குறை என்னவென்றால் வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது, பாதுகாத்து வைப்பதும் கடினம். ஒவ்வொரு இதழையும் கழற்றுமுன் நேராக நின்று படம் பிடித்து வைப்பது கட்டாயம்.

நான்கு பக்க ஏ3 இதழ்

ஏ3 தாள் 42 செ.மீ. அகலம், 29.7 செ.மீ. உயரம். நடுவில் மடித்தால் நான்கு ஏ4 பக்கம். பின் அடிக்க வேண்டியதில்லை, வெட்ட வேண்டியதில்லை. 250 பிரதிக்கு 250 தாள். வீணாவதற்குக் கூடுதலாகப் பதினைந்து வைத்துக்கொண்டால் போதும். ஒவ்வொரு மாணவருக்கும் ஒன்று தேவையில்லை. இரண்டு மூன்று பேருக்கு ஒரு பிரதி என்று கணக்கிட்டு, நூலகத்துக்கும் ஆசிரியர் அறைக்கும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம். கைமாறிப் படிக்கும் தாள்தான் பேசப்படும்.

எவ்வளவு எழுத்து பிடிக்கும் என்பதை முதலிலேயே தெரிந்துகொள்ளாவிட்டால் இதழ் தள்ளிப்போகும். 10.5 புள்ளி (பாயிண்ட்) எழுத்தில், ஒரு தலைப்பும் ஒரு படமும் இருக்கும் ஏ4 பக்கத்தில் ஏறக்குறைய 350 தமிழ்ச் சொற்கள் அடங்கும். முதல் பக்கத்தில் பெயர்ப்பட்டை போக 250தான். நான்கு பக்கமும் சேர்த்து 1300 சொல். அதாவது 400 சொல்லில் ஒரு பெரிய கட்டுரை, 250 சொல்லில் இரண்டு, 70 சொல்லில் ஐந்து துணுக்குச் செய்தி. அவ்வளவுதான். இந்தக் கணக்கைச் சொல்லாமல் "எழுதிக் கொண்டுவாருங்கள்" என்றால் ஆளுக்கு 800 சொல் எழுதி வருவார்கள். பிறகு வெட்டும்போது மனத்தாங்கல் வரும், வெட்டாமல் எழுத்தைச் சிறிதாக்கினால் யாரும் படிக்க மாட்டார்கள். கட்டுரையை ஒப்படைக்கும்போதே சொல் எண்ணிக்கையையும் சொல்லிவிட வேண்டும்.

பக்கம் கட்டுமுன் ஒரு வெற்றுத் தாளை மடித்து 1, 2, 3, 4 என்று எழுதி டம்மி செய்துகொள்ளுங்கள். பிரித்துப் பார்த்தால் வெளிப்புறம் இடப்பக்கம் 4, வலப்பக்கம் 1. உட்புறம் இடப்பக்கம் 2, வலப்பக்கம் 3. இருபுற அச்சில் 'குறுகிய ஓரத்தில் புரட்டு' என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நீள ஓரம் என்று விட்டுவிட்டால் உள்பக்கம் தலைகீழாக வரும். ஒரு பிரதி எடுத்து மடித்துப் பார்த்துவிட்டு மீதியை ஓட்ட வேண்டும்; 250 தாளும் ஓடிய பிறகு மடித்துப் பார்ப்பதில் பயனில்லை.

எட்டுப் பக்கம் வேண்டும் என்ற ஆசை இரண்டாவது இதழிலேயே வரும். எட்டுப் பக்கமென்றால் இரண்டு தாள்: முதல் தாளில் 8ம் 1ம், அதன் பின்னால் 2ம் 7ம், இரண்டாவது தாளில் 6ம் 3ம், பின்னால் 4ம் 5ம். நடு மடிப்பில் பின் அடிக்க நீளக் கை ஸ்டேப்ளர் வேண்டும், 250 பிரதிக்கு ஐந்நூறு பின். அதைவிட, கூடுதல் மேட்டர் இருக்கும் மாதத்தில் ஒரு தனி ஏ4 தாளை உள்ளே செருகினால் ஆறு பக்கம் கிடைத்துவிடும்.

பத்தி அகலம் தமிழில் தனிக் கவனம் கேட்கிறது. ஏ4 பக்கத்தை மூன்று பத்தியாகப் பிரித்தால் ஒரு பத்திக்கு 5.6 செ.மீ. கிடைக்கும். அதில் ஒரு வரிக்கு மூன்று சொல்தான். 'நடத்தப்பட்டிருக்கிறது' போல ஒரு சொல் வந்தால் வரியில் முக்கால்வாசியை அதுவே எடுத்துக்கொள்ளும். இரு ஓரமும் சீராக வரும்படி அமைத்தால் சொற்களுக்கிடையே ஓட்டை ஓட்டையாக வெள்ளை விழும். நாளிதழ்கள் சொல்லை எழுத்து எழுத்தாக உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோய் இதைச் சமாளிக்கின்றன. மாணவர்கள் அதைக் கையால் செய்யப் புகுந்தால், பிறகு ஒரு சொல்லைத் திருத்தினாலும் பத்தி முழுக்கக் கலைந்துவிடும். இரண்டு பத்தி, ஒவ்வொன்றும் 8.7 செ.மீ., இடது ஓரம் மட்டும் சீர். இதுவே பாதுகாப்பான அமைப்பு. துணுக்குகளுக்கு மட்டும் மூன்று பத்தி வைத்துக்கொள்ளலாம்.

நகல் இயந்திரம் ஓரம் வரை அச்சிடாது. நான்கு பக்கமும் 12 மி.மீ. விட்டால் எதுவும் வெட்டுப்படாது. 2, 3 ஆம் பக்கங்களுக்குக் குறுக்கே கரிய படமோ கறுப்புப் பட்டையோ வைக்காதீர்கள். மடிப்பில் டோனர் (நகல் இயந்திரத்தின் மைத்தூள்) உதிர்ந்து வெள்ளைக் கோடு தெரியும். முகங்கள் இருண்டு போவது அடுத்த தொல்லை. படத்தை, திரையில் கொஞ்சம் வெளிறித் தெரியும் அளவுக்கு வெளிச்சம் கூட்டி அனுப்பினால்தான் தாளில் கண்ணும் மூக்கும் தெரியும். முப்பது பேர் இரண்டு வரிசையாக நிற்கும் குழுப்படத்தைப் பக்க அகலத்துக்குப் போட்டாலும் ஒரு முகம் அரை செ.மீ. தான் வரும். அணித் தலைவரும் இன்னொருவரும் ஏதாவது செய்துகொண்டிருக்கும் படம் ஒன்று போதும்.

பள்ளியில் ஏ4 இயந்திரம் மட்டும் இருந்தால் ஏ4 தாளின் இருபுறமும் அச்சிட்ட இரண்டு பக்க இதழ் போதும். ஏ4ஐ மடித்து ஏ5 புத்தகமாக்கினால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் பக்கத்துக்கு 150 சொல்தான் பிடிக்கும். செய்திக்கு மூச்சு முட்டும்.

டூப்ளிகேட்டர்

ரிசோ போன்ற டிஜிட்டல் டூப்ளிகேட்டர் பள்ளியில் இருந்தால், கேள்வித்தாள் அடிக்க வைத்திருப்பார்கள். நூறு பிரதியைத் தாண்டினால் ஜெராக்ஸைவிட இதுவே மலிவு. ஒரு பக்கத்துக்கு ஒரு மாஸ்டர் (நகல் எடுப்பதற்கான மூலத் தாள்) வெட்டும் செலவு நிலையானது. அதற்குப் பிறகு மையும் தாளும்தான். மை ஈரமானது என்பதை மறக்கக் கூடாது. முதல் பக்கம் ஓட்டியதும் உடனே திருப்பிப் போட்டால் உருளைகளில் மை ஏறி மறுபுறம் நிழல் விழும். ஒரு பக்கத்தை இன்று ஓட்டி, மறுபக்கத்தை நாளை ஓட்டுங்கள். பெரிய கறுப்புக் கட்டங்களைத் தவிர்க்க வேண்டும். இரண்டாவது வண்ணம் சேர்த்தால் தாள் இரண்டாம் முறை உள்ளே போகும்போது ஒன்றிரண்டு மி.மீ. நகரும், தலைப்புக்கு அடியில் ஒரு பட்டைக்கு அது பரவாயில்லை, படத்துக்கு ஆகாது.

அச்சகத்தில் ஆஃப்செட்

டேப்ளாய்ட் அளவில் (வழக்கமான நாளிதழில் ஏறக்குறைய பாதி), செய்தித்தாள் காகிதத்தில், நான்கு வண்ணத்தில் கையில் வாங்கும்போது வரும் பெருமிதம் உண்மையானது. வாசகர்களும் அதை உண்மையான பத்திரிகையாக மதிப்பார்கள். பிரதி ஆயிரத்தை நெருங்கும்போது ஒரு பிரதிக்கான செலவும் நன்றாகக் குறையும். ஆனால் ஒரு வண்ணத்துக்கு ஒரு பிளேட் (அச்சுத் தகடு) வீதம், முதல் பிரதி வருமுன்பே எல்லாப் பிளேட்டுக்கும் பணம் கொடுத்தாக வேண்டும். 250 பிரதிக்கு ஆஃப்செட் போவது காசைக் கரியாக்குவது.

செலவைவிடப் பெரிய விலை நேரத்தில் இருக்கிறது. மேட்டரை நான்கைந்து நாள் முன்னதாகவே மூட வேண்டும். பிளேட் எடுத்த பிறகு ஒரு எழுத்தை மாற்றினாலும் புது பிளேட். இந்த நெருக்கடி என்ன செய்யும் என்பதற்குப் பள்ளிப் பத்திரிகை வரலாற்றிலேயே மிகவும் பேசப்பட்ட உதாரணம் இருக்கிறது. 1983 மே மாதம், அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் ஹேசல்வுட் ஈஸ்ட் உயர்நிலைப் பள்ளியின் 'ஸ்பெக்ட்ரம்' இதழ் மே 13 அன்று வர வேண்டியிருந்தது. பக்கப் புரூஃப் (திருத்தம் பார்க்க எடுக்கும் மாதிரி அச்சு) பள்ளி முதல்வர் மேசைக்கு வந்தது மே 10 அன்று. மாணவிகளின் கர்ப்பம் பற்றிய கட்டுரையும் பெற்றோரின் மணமுறிவு பற்றிய கட்டுரையும் அவருக்கு ஏற்புடையதாக இல்லை. பெயர் மறைக்கப்பட்ட மாணவிகளை மற்றவர்கள் அடையாளம் கண்டுகொள்வார்கள், குறை சொல்லப்பட்ட தந்தைக்குப் பதில் சொல்ல வாய்ப்புத் தரப்படவில்லை என்பவை அவர் சொன்ன காரணங்களில் சில. திருத்த நேரமில்லை, தள்ளிப்போட்டால் கல்வியாண்டே முடிந்துவிடும் என்று கருதி, அந்த இரண்டு பக்கங்களையும் முழுதாக எடுத்துவிட்டு ஆறு பக்க இதழை நான்கு பக்கமாக வெளியிடச் சொன்னார். எந்தக் குறையும் சொல்லப்படாத மற்றக் கட்டுரைகளும் அந்தப் பக்கங்களோடு போயின. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1988 ஜனவரியில் 5க்கு 3 என்ற கணக்கில் பள்ளிக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது.

தீர்ப்பு சரியா என்பது தனி விவாதம். குழு நடத்துபவர்கள் பார்க்க வேண்டியது அந்த மூன்று நாளை. புரூஃப் பத்து நாள் முன்னால் போயிருந்தால் தந்தையிடம் ஒரு வரி கேட்டு வாங்க நேரம் இருந்திருக்கும். ஆகவே அச்சகத்துக்குப் போகும் இதழில், சர்ச்சைக்கு இடமுள்ள கட்டுரை மற்றவற்றைவிட ஒரு வாரம் முன்னால் முடிய வேண்டும். அது தனித் தாளில் பொறுப்பு ஆசிரியர் (இதழைப் பார்த்துக்கொள்ளும் பள்ளி ஆசிரியர்) கைக்குப் போக வேண்டும். எந்த வடிவமானாலும் பார்த்துச் சொல்ல அவருக்கு 48 மணி நேரம் என்று எழுத்தில் ஒப்புக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது. கால வரையறை இல்லாத பார்வையிடல்தான் இதழைக் கொல்கிறது. பெரும்பாலும் அவர் மறுப்பதில்லை, மேசையில் கிடக்கிறது, அவ்வளவே.

அச்சகம் போகும்போது எழுத்துரு இன்னொரு கண்ணிவெடி. மாணவர்கள் கைப்பேசியில் தட்டுவது யூனிகோடு என்ற பொதுக் குறியீட்டு முறை. பக்கம் கட்டப் பழைய பேஜ்மேக்கர் மென்பொருளை வைத்திருக்கும் அச்சகம் அதைத் தன் பழைய எழுத்துருவுக்கு மாற்றித்தான் பக்கம் கட்டும். மாற்றும்போது ஜ, ஷ, ஸ, ஹ, ஸ்ரீ, மேற்கோள் குறிகள் ஆகியவை அடிக்கடி கெடும். அதனால் புரூஃபில் முதலில் பார்க்க வேண்டியவை இவைதான். இன்டிசைன் மென்பொருளில் கட்டினால் 'வேர்ல்டு ரெடி' கம்போஸர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் 'கொ' என்பதன் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். மாணவர்களே பக்கம் கட்டி, எழுத்துருவை உள்ளே பதித்த பிடிஎஃபாகக் கொடுப்பதே உத்தமம். உடல் எழுத்து கறுப்பு மை ஒன்றிலேயே இருக்க வேண்டும். நான்கு வண்ணமும் கலந்த கறுப்பாக இருந்தால், வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும் பதிவு இம்மியளவு விலகினாலும் எழுத்துக்குச் சிவப்பு நீல ஓரம் கட்டும்.

படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும். நீளப் பக்கம் 1600 பிக்சல் என்று வந்தால், 200 டிபிஐ (அங்குலத்துக்கு 200 புள்ளி) போதுமான செய்தித்தாள் காகிதத்தில் 20 செ.மீ. வரை போகலாம், 300 டிபிஐ கேட்கும் வழவழப்புத் தாளில் 13.5 செ.மீ.க்கு மேல் மங்கும். டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

இணையமும் பிடிஎஃபும்

அச்சுக்குச் செய்த ஏ4 பிடிஎஃபை அப்படியே குழுக்களில் பகிர்வது எல்லோரும் செய்வது, யாரும் படிக்காதது. 21 செ.மீ. பக்கம் 7 செ.மீ. திரையில் மூன்றில் ஒன்றாகச் சுருங்குகிறது, 10.5 புள்ளி எழுத்து 3.5 புள்ளியாகிவிடுகிறது. கைப்பேசிக்கு என்றால் ஏ5 பக்கம், ஒரே பத்தி, 16 புள்ளி எழுத்து என்று தனியாகக் கட்ட வேண்டும். அதாவது இரண்டு மடங்கு பக்க வேலை. ஆள் இல்லாவிட்டால் தொடாதீர்கள்.

இணையதளம் அதைவிட நல்ல வழி. சொல் எண்ணிக்கைக் கட்டுப்பாடு இல்லை, பிழையை நிமிடத்தில் திருத்தலாம், ஒலியும் காணொளியும் சேர்க்கலாம். ஆனால் முதல் ஆண்டிலேயே இதை மட்டும் நம்பித் தொடங்குவதை ஆதரிக்க முடியாது. முடிவு நாள் என்று ஒன்று இல்லாததால் கட்டுரை 'நாளைக்குப் போடலாம்' என்றே நிற்கும். தாளில் வரும்போது நான்கு பக்கமும் நிரம்பியாக வேண்டும். அந்த வெற்றிடம்தான் குழுவை ஓட்டுகிறது. போதாக்குறைக்கு, தளத்தில் போட்டது பல ஆண்டுகள் தேடலில் கிடைக்கும். பதினைந்து வயதில் ஒரு மாணவி தன் குடும்பம் பற்றிச் சொன்ன வரி, அவர் வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும் அங்கே இருக்கும்.

தொடங்கும்போதே சில விதிகளை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். படத்தில் இருப்பவரின் முழுப் பெயரையும் வகுப்பையும் சேர்த்துப் போட பெற்றோரின் எழுத்து அனுமதி வேண்டும். பின்னூட்டப் பகுதி மூடியே இருக்கட்டும். அதைக் கண்காணிக்க யாருக்கும் நேரம் இருக்காது. திருத்தம் செய்தால் சத்தமில்லாமல் மாற்றாமல், கட்டுரையின் அடியில் தேதியோடு என்ன மாறியது என்று சொல்ல வேண்டும். கடவுச்சொல் பள்ளியின் அதிகாரப்பூர்வ மின்னஞ்சலில் இருக்க வேண்டும். இறுதி வகுப்பு மாணவர் ஒருவரின் சொந்த மின்னஞ்சலில் தொடங்கிய தளங்கள், அவர் கல்லூரிக்குப் போனதும் பூட்டிய வீடாகிவிடுகின்றன.

ஏ3 இதழ் ஓடிக்கொண்டிருக்கும்போது, வெளிவந்து ஒரு வாரம் கழித்து அதிலுள்ள இரண்டு கட்டுரைகளை மட்டும் தளத்தில் ஏற்றிப் பழகுவது நல்ல தொடக்கம். தாளில் வாசகர் சுட்டிக்காட்டிய பிழைகள் அதற்குள் திருந்தியிருக்கும்.

ஆட்களும் நாட்களும்

எட்டுப் பேர் இருந்தால் ஏ3 இதழ் நடக்கும்: எழுத நான்கு பேர், படத்துக்கு ஒருவர், பக்கம் கட்ட இருவர், எல்லாவற்றையும் பார்க்க, இதழாசிரியராக ஒரு மாணவர். பக்கம் கட்ட ஒருவரை மட்டும் வைக்காதீர்கள். அவருக்குக் காய்ச்சல் வந்தால் இதழுக்கும் காய்ச்சல். சுவர்ப் பத்திரிகைக்கு ஐந்து பேர் போதும். ஆஃப்செட் டேப்ளாய்டுக்குப் பன்னிரண்டு பேருக்குக் குறைந்தால் திணறும், அதில் ஒருவர் விளம்பரத்துக்கும் கணக்குக்கும் மட்டும்.

மூன்று வாரச் சுற்றை வெளியீட்டு நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். 20 நாள் முன் செய்திக் கூட்டம். 12 நாள் முன் எல்லாக் கட்டுரையும் கையில். 8 நாள் முன் திருத்தமும் தலைப்பும் முடிவு. 5 நாள் முன் பக்கம் கட்டி முடிவு. அன்றே அச்செடுத்த புரூஃப் ஒன்று பொறுப்பு ஆசிரியருக்கு, ஒன்று குழுவுக்கு. 2 நாள் முன் திருத்தம் ஏற்றல். முந்தைய நாள் அச்சும் மடிப்பும். ஆஃப்செட் என்றால் இந்தக் கணக்கில் இன்னும் நான்கு நாளைச் சேர்த்துக்கொண்டு மாத இதழாக்கிவிடுங்கள்.

புரூஃப் பார்ப்பது திரையில் வேண்டாம், தாளில். ஒருவர் சத்தமாகப் படிக்க, இன்னொருவர் மூல மேட்டரை விரல் வைத்துத் தொடர வேண்டும். இன்ஷியலோடு எல்லாப் பெயரையும் வருகைப் பதிவேட்டில் சரிபார்க்க வேண்டும். தேதியும் கிழமையும் பொருந்துகிறதா, போட்டி முடிவில் புள்ளிகளைக் கூட்டினால் சரியாக வருகிறதா, படக்குறிப்பில் 'இடமிருந்து வலம்' என்று சொன்ன பெயர்களின் எண்ணிக்கையும் படத்தில் உள்ள தலைகளின் எண்ணிக்கையும் ஒன்றா என்று பாருங்கள். கடைசியாகத் தலைப்புகளை மட்டும் தனியாக ஒருமுறை படியுங்கள். உடல் எழுத்தில் ஒற்றுப் பிழையைப் பிடிப்பவர்கள்கூட 36 புள்ளித் தலைப்பில் விட்ட எழுத்தைக் கவனிக்காமல் தாண்டிப் போவார்கள்.

மூன்று இதழ் சொன்ன தேதியில் வந்திருந்தால், டேப்ளாய்டுக்கு மாறுவது பற்றி நான்காவது செய்திக் கூட்டத்தில் பேசலாம். ஒன்றாவது தள்ளிப்போயிருந்தால் எந்தக் கட்டத்தில் நின்றது என்று மேலே உள்ள நாள் கணக்கோடு ஒப்பிடுங்கள். கட்டுரை வருவதில் தாமதம் என்றால் பெரிய வடிவத்துக்குப் போனால் தாமதம் இன்னும் கூடும். எழுதுபவர்களைக் கூட்டுங்கள், பக்கத்தைக் கூட்டாதீர்கள். அச்சில்தான் தாமதம் என்றால் மட்டும் அச்சகத்தை அணுகிப் பாருங்கள்.